கிளப் யாருடையது?

சாம்பியன்ஸ் லீக் சீசன் தொடங்கிவிட்டால் என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, ரியல் மாட்ரிட் மட்டும் எப்படி ஜெயிச்சுக்கிட்டே இருக்கு?" "மெஸ்ஸியை எதுக்கு விட்டாங்க?" "ஜெர்மனியில பேயர்னைத் தவிர வேற டீமே கிடையாதா?" கேட்பவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள், மீதிப் பேர் மரடோனா காலத்திலிருந்து பார்ப்பவர்கள். இவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு ஒன்று உறுதிப்பட்டுவிட்டது. எந்தக் கேள்வியை இழுத்துப் பார்த்தாலும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: அந்த கிளப் யாருடையது? முடிவெடுப்பது யார், பணம் யாருடையது, ரசிகனுக்கு அதில் ஏதாவது சொல் உண்டா? இந்தப் பதிவில் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சுலபமானதை முடித்துவிடலாம். "இந்தப் புதுப் பட்டியல் ஒண்ணுமே புரியல, குரூப்பெல்லாம் எங்கே போச்சு?"

2024-25 சீசனிலிருந்து குரூப் கிடையாது. முன்பு 32 அணிகள், நான்கு நான்காக எட்டு குரூப், ஆளுக்கு ஆறு ஆட்டம். இப்போது 36 அணிகள், ஒரே நீளமான பட்டியல், ஆளுக்கு எட்டு ஆட்டம். எட்டும் எட்டு வெவ்வேறு அணிகளோடு. நான்கு சொந்த மைதானத்தில், நான்கு வெளியில். அணிகளைத் தரப்படி நான்கு தொட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் இரண்டு எதிரிகளைக் குலுக்கி எடுக்கிறார்கள். முதல் எட்டு இடம் பிடித்தவர்கள் நேராகக் கடைசி 16-க்குப் போவார்கள். 9 முதல் 24 வரை உள்ளவர்கள் தங்களுக்குள் இரண்டு ஆட்டம் ஆடி மீதி எட்டு இடங்களைப் பிடிக்க வேண்டும். 24-க்குக் கீழே போனால் வீட்டுக்குத்தான்.

இதைப் புரிந்துகொள்ள, இந்த முறையின் முதல் வருடத்தில் பாரிஸ் செயின்ட் ஜெர்மன் (பிஎஸ்ஜி) ஆடிய கதையே போதும். 2025 ஜனவரியில் அவர்கள் முதல் 24-க்கு வெளியே இருந்தார்கள். மான்செஸ்டர் சிட்டியிடம் 0-2 என்று பின்தங்கி, பிறகு 4-2 என்று வென்று தப்பித்தார்கள். முடிவில் 15-வது இடம். பிளே ஆஃபில் பிரெஸ்ட்டை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 10-0. அடுத்து பட்டியலில் முதலிடம் பிடித்த லிவர்பூல். ஆன்ஃபீல்டில் பெனால்டி வரை போய், கோல்கீப்பர் டோனரும்மா இரண்டைத் தடுத்தார். ஆஸ்டன் வில்லா, ஆர்சனல் இரண்டையும் தாண்டி, மே 31 அன்று மியூனிக் ஃபைனலில் இன்டரை 5-0 என்று உடைத்தார்கள். ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் வரலாற்றில் அதைவிடப் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. முதலிடம் பிடித்த லிவர்பூல் மார்ச்சிலேயே வெளியே. 15-வது அணி கையில் கோப்பை.

எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. கடைசி நாள் இரவு 18 ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்க, ஒவ்வொரு கோலுக்கும் பட்டியல் ஏறி இறங்குவதைப் பார்ப்பது உண்மையான விறுவிறுப்பு. ஆனால் மொத்த ஆட்டங்கள் 125-லிருந்து 189 ஆகிவிட்டன. அந்தக் கூடுதல் ஆட்டங்களை விற்றுப் பணம் வருகிறது. விலை கொடுப்பது வீரர்களின் முழங்கால். இதையும் கணக்கில் வையுங்கள்.

நேரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: மத்திய ஐரோப்பாவில் இரவு 9 மணி ஆட்டம் என்றால், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கு நள்ளிரவு 1.30, மற்ற மாதங்களில் 12.30. கடிகாரத்தை மாற்றுவது அவர்கள்தான், நாமல்ல. ஃபைனலை 2026 முதல் அங்கே மாலை 6 மணிக்கே தொடங்குவதாக யூஃபா அறிவித்தது. நமக்கு இரவு 9.30. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்போது பெரிய கேள்வி. ரியல் மாட்ரிட்.

இன்றைய சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பியக் கோப்பை என்ற பெயரில் 1955-56-ல் தொடங்கியது. முதல் ஐந்து கோப்பையும் ரியலுக்கு. ஐந்தாவது ஃபைனல், 1960-ல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில். ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட்டை 7-3 என்று வென்றார்கள். புஷ்காஷ் நான்கு, டி ஸ்டெஃபானோ மூன்று. இன்றைக்கு மொத்தம் 15 கோப்பைகள். அடுத்திருக்கும் ஏசி மிலானுக்கு ஏழுதான். ஆனால் "எப்பவுமே ஜெயிப்பாங்க" என்பது சரியில்லை. 1966-க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 1998 வரை காத்திருந்தார்கள். 32 வருடம். ஒரு தலைமுறை ரசிகர்கள் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தே வளர்ந்தார்கள்.

"சும்மா அதிர்ஷ்டம்ணே" என்று சொல்பவர்களுக்கு 2022-ஐக் காட்டுவேன். அந்த வருடம் பிஎஸ்ஜி, செல்சி, மான்செஸ்டர் சிட்டி என்று மூன்று சுற்றிலும் ரியல் தோல்வியின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. பிஎஸ்ஜியோடு மொத்தக் கணக்கில் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது பென்ஸமா 17 நிமிடத்தில் மூன்று கோல் போட்டார். செல்சி ரியலின் பெர்னபேயு மைதானத்துக்கு வந்து மூன்று கோல் அடித்து மொத்தக் கணக்கில் முன்னிலை எடுத்தது. 80-வது நிமிடத்தில் லூகா மொட்ரிச் இடப்பக்கத்திலிருந்து வலது காலின் வெளிப்புறத்தால் ஒரு பந்தை வளைத்து அனுப்பினார். தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேல் போய், ஓடிவந்த ரொட்ரிகோவின் கால் முன்னே இறங்கியது. தரையில் விழவிடாமலே அவர் அடித்தார். அப்போது மொட்ரிச்சுக்கு வயது 36.

அதைவிட சிட்டி ஆட்டம். மே 4. முதல் ஆட்டத்தில் சிட்டி 4-3 என்று வென்றிருந்தது. மாட்ரிட்டில் 73-வது நிமிடத்தில் மஹ்ரெஸ் இன்னொரு கோல் போட, 5-3. கடைசி நிமிடங்களில் கிரீலிஷ் அடித்த பந்து உள்ளே போகாமல் ரியல் கோல்கீப்பர் கோர்த்துவாவின் ஷூ நுனியில் பட்டு விலகியது. அது உள்ளே போயிருந்தால் கதை முடிந்தது. 90-வது நிமிடத்தில் ரொட்ரிகோ ஒன்று. மைதானம் இன்னும் உட்காரவில்லை, 91-வது நிமிடத்தில் தலையால் இன்னொன்று. எக்ஸ்ட்ரா டைமில் பென்ஸமாவின் பெனால்டி. ஃபைனலில் லிவர்பூல் சுட்ட அத்தனையையும் கோர்த்துவா தடுத்தார், ஒன்பது சேவ்.

இதில் அதிர்ஷ்டம் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே அணிக்கு ஒரே வருடத்தில் மூன்று முறை நடந்ததை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. 85-வது நிமிடத்திலும் அவசரப்படாத, பல வருடம் சேர்ந்து ஆடிய நடுக்களம் இருந்தது. நல்ல கோல்கீப்பர் இருந்தார். எதிரணியின் தோள் அந்த மைதானத்தில் கனத்துப்போவதும் கண்கூடு.

ரியல் மாட்ரிட்டுக்கு ஓனர் கிடையாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அது உறுப்பினர்களின் கிளப். தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்பெயினில் 1990-ல் வந்த சட்டம் தொழில்முறை கிளப்புகளை நிறுவனங்களாக மாறச் சொன்னபோது நான்குக்கு மட்டும் விலக்கு கிடைத்தது: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெட்டிக் பில்பாவோ, ஒசசுனா. ஆனால் மாட்ரிட்டில் தலைவர் பதவிக்கு நிற்க 20 வருட உறுப்பினராக இருக்க வேண்டும், கிளப் பட்ஜெட்டில் 15 சதவீதத்துக்குச் சொந்த வங்கி உத்தரவாதம் காட்ட வேண்டும். பெரும் பணக்காரரைத் தவிர யாரால் முடியும்? ஃப்ளோரென்டினோ பெரஸை எதிர்த்து நிற்க ஆளில்லாமலே பல தேர்தல்கள் கடந்துபோயின. ஓட்டு இருக்கிறது, போட்டி இல்லை. இது எனக்கு உறுத்தும் விஷயம்.

"சரி, பார்சிலோனாவும் அதே மாதிரி கிளப்தானே, அப்ப மெஸ்ஸியை எப்படி விட்டாங்க?"

விட மனமில்லாமல்தான் விட்டார்கள். 2021 ஆகஸ்ட் 8 அன்று மேடையில் ஏறியதும் பேச்சு வராமல் மெஸ்ஸி கைக்குட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதை எல்லோரும் பார்த்தோம். 778 ஆட்டம், 672 கோல். சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள அவர் சம்மதித்திருந்தார். தடுத்தது லா லிகாவின் சம்பள வரம்பு. ஒவ்வொரு கிளப்பின் வருமானத்தைப் பார்த்து, அணிக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக் நிர்ணயிக்கும். பார்சிலோனாவின் கடன் சுமார் 135 கோடி யூரோ என்று தலைவர் லபோர்தா அந்த மாதமே அறிவித்தார். மெஸ்ஸியைப் பதிவு செய்ய இடமில்லை.

பள்ளம் தோண்டியது அதற்கு முன்பே. 2017-ல் நெய்மாரை பிஎஸ்ஜி 22 கோடியே 20 லட்சம் யூரோ கொடுத்துத் தூக்கியது. கையில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு பார்சிலோனா பதற்றத்தோடு கடைக்குப் போனது. டெம்பேலே, கூடினியோ இருவருக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம் போனது. அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போன சம்பளங்கள். கொரோனாவில் மைதானம் மூடியதும் எல்லாம் வெளியே தெரிந்தது. 2020 ஆகஸ்ட்டில் பேயர்னிடம் 2-8. உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கையெழுத்து திரட்டினார்கள். வாக்கெடுப்புக்கு முன்பே அக்டோபரில் தலைவர் பார்த்தொமேயு ராஜினாமா செய்தார்.

உறுப்பினர்களின் கிளப் என்பதாலேயே நிர்வாகம் நன்றாக நடந்துவிடாது. ஆனால் கெட்டுப்போனால் ஆளை மாற்ற ஒரு வழி இருக்கிறது. தனி முதலாளியின் கிளப்பில் ரசிகனால் கூச்சல் போட மட்டுமே முடியும். நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. 2010 நவம்பரில் புனேயின் வெங்கீஸ் குழுமம் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கியது. ஒரு மாதத்தில் அனுபவசாலி மேனேஜர் சாம் அலர்டைஸை நீக்கினார்கள். 2012-ல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது, 2017-ல் மூன்றாம் நிலைக்கே போனது. 1995-ல் இங்கிலாந்தின் சாம்பியனாக இருந்த கிளப் அது. ரசிகர்கள் எத்தனை முறை கத்தினாலும் ஓனரை மாற்ற அவர்களிடம் ஓட்டு இல்லை.

இடையில் ஒரு சின்னக் கேள்வி: "எம்பாப்பே 2024-ல் ரியலுக்கு இலவசமா போனாருங்கறாங்களே, அது எப்படி?" சம்பளமும் கையெழுத்துப் பணமும் கோடிக்கணக்கில் உண்டு, பழைய கிளப்புக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்கு வழி செய்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் மார்க் போஸ்மன் என்ற நடுத்தர வீரர். 1990-ல் லியேஜ் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பிரான்ஸின் டன்கர்க் அணிக்குப் போக நினைத்தார். பழைய கிளப் விடவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரன் கிளப்பின் சொத்தாகவே இருந்த காலம் அது. ஐந்து வருடம் வழக்காடினார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தால் வீரன் சுதந்திரன்; ஐரோப்பிய ஒன்றிய நாட்டு வீரர்களுக்கு வெளிநாட்டவர் என்ற எண்ணிக்கை வரம்பும் கூடாது. அந்த வருடம்தான் சொந்தப் பள்ளியில் வளர்த்த பையன்களோடு அயாக்ஸ் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. சில ஆண்டுகளில் அந்த அணி ஐரோப்பா முழுக்கச் சிதறியது. இன்று வீரர்கள் வாங்கும் சம்பளத்துக்கெல்லாம் போஸ்மன்தான் கதவைத் திறந்தார். அவருடைய விளையாட்டு வாழ்க்கை அந்த வழக்கிலேயே முடிந்துபோனது. எம்பாப்பேயைத் தெரிந்த ஒவ்வொருவரும் போஸ்மனையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன்.

ஜெர்மனிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம்.

1998-ல் அங்கே கிளப்புகள் நிறுவனங்களாக மாற அனுமதித்தபோதே ஒரு விதியும் வைத்தார்கள். ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டாவது உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும். 50+1 என்பார்கள். முதலீடு செய்யலாம், ஆனால் கிளப்பைக் கையில் எடுக்க முடியாது. பேயர்ன் மியூனிக்கில் 75 சதவீதம் உறுப்பினர்களிடமே. அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் மூன்றும் சேர்ந்து மீதி 25-தான். இதனால்தான் டார்ட்மண்டின் தெற்கு ஸ்டாண்டில் இன்றும் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிறார்கள். அந்த இடத்தை நாற்காலி போட்டு விலையேற்றினால் வருமானம் எகிறும். செய்யமாட்டார்கள், ஏனென்றால் அங்கே நிற்பவர்களுக்கு ஓட்டு இருக்கிறது.

இந்த விதிக்கு எவ்வளவு பலம் என்பதை 2024 பிப்ரவரியில் பார்த்தோம். பண்டஸ்லிகாவின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை 20 வருடத்துக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஜெர்மன் லீக் நிர்வாகம் திட்டம் போட்டது. 36 கிளப்புகள் ரகசியமாக ஓட்டுப் போட்டதில் 24 ஆதரவு. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்குச் சரியாக அவ்வளவுதான். ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளோடு மைதானத்துக்கு வந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் நூற்றுக்கணக்கில் மஞ்சள் பந்துகள் புல்லில் வந்து விழும். வீரர்கள் பொறுக்கி ஓரமாக எறிவார்கள், மறுபடி விழும். ஓர் ஆட்டத்தில் ரிமோட் கார்கள் புகைவிட்டபடி மைதானத்துக்குள் ஓடின. வாரக்கணக்கில் ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. யாருக்கும் காயம் இல்லை, ஒளிபரப்பு மட்டும் நாறியது. பிப்ரவரி 21 அன்று நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. ஓட்டுள்ள ரசிகன் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

"அப்புறம் ஏன் பேயர்னே ஜெயிக்குது?" நியாயமான கேள்வி. 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பேயர்ன்தான் சாம்பியன். வெளியிலிருந்து பெரும் பணம் வர வழியில்லை என்றால் ஏற்கெனவே பெரியவனாக இருப்பவனைப் பிடிப்பது கடினம். விதியின் குறை இது, மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தொடரை 2024-ல் முறித்த பேயர் லெவர்குசனும் 50+1-லிருந்து விலக்கு பெற்ற கிளப்தான். 1904-ல் பேயர் மருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியதால் நிறுவனமே வைத்துக்கொள்ள அனுமதி. சாபி அலோன்சோவின் அந்த அணி 34 லீக் ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. லைப்சிக் கிளப்பின் கதை வேறு. ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களை ஒரு கைப்பிடி அளவுக்கு வைத்துக்கொண்டு விதியின் எழுத்தை மட்டும் காப்பாற்றினார்கள். ஜெர்மன் ரசிகர்கள் அவர்களை இன்னும் மன்னிக்கவில்லை. நானும்தான்.

நாடுகளே கிளப் வாங்குவது பற்றிச் சூடாகக் கேட்பார்கள். 2008-ல் அபுதாபி அரச குடும்பத்தின் பணம் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தது, 2011-ல் கத்தார் பிஎஸ்ஜிக்கு, 2021-ல் சவுதியின் முதலீட்டு நிதி நியூகாசிலுக்கு. ஆட்டத்தின் அழகை நான் மறுக்கவில்லை. சிட்டி ஆடிய கால்பந்து என் கண்ணுக்கு விருந்து. 2025 ஃபைனலில் பிஎஸ்ஜியின் 19 வயது டூவே இரண்டு கோல் போட்டதையும், கோச் லூயிஸ் என்ரிக்கே ஒன்பது வயதில் இழந்த மகள் சானாவை நினைத்து ரசிகர்கள் பெரிய ஓவியத்தை விரித்ததையும் பார்த்துக் கலங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு அரசாங்கம் தன் பெயரைக் கழுவிக்கொள்ள ஊர்க்காரர்களின் கிளப்பைப் பயன்படுத்துவது தவறு. அந்தக் கோல்களை ரசிப்பவனுக்கும் இதைச் சொல்ல உரிமை உண்டு.

இதற்கு நேரெதிர் துருவம் அத்லெட்டிக் பில்பாவோ. பாஸ்க் மண்ணில் பிறந்தவர்கள் அல்லது அங்கே பயிற்சி பெற்று வளர்ந்தவர்கள் மட்டுமே ஆடலாம். ரியல், பார்சிலோனா தவிர ஸ்பெயினின் முதல் நிலையிலிருந்து ஒருமுறைகூட இறங்காத மூன்றாவது கிளப் இதுதான். "அது இனவாதம் இல்லையாண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான். இன்யாக்கி வில்லியம்ஸ், நிகோ வில்லியம்ஸ் சகோதரர்களைப் பார் என்றேன். அவர்களுடைய பெற்றோர் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து ஸ்பெயினுக்கு வந்தவர்கள். உதவிய பாதிரியாரின் பெயரையே மூத்த மகனுக்கு வைத்தார்கள். 2024 ஏப்ரலில் கோபா டெல் ரே கோப்பையை அத்லெட்டிக் 40 வருடம் கழித்து வென்றபோது அண்ணன் தம்பி இருவரும் அணியில். கபர்ரா என்ற பழைய சரக்குப் படகில் கோப்பையோடு ஆற்றில் ஊர்வலம் போனார்கள். இரு கரையிலும் லட்சக்கணக்கில் கூட்டம். அடுத்த வருடம் பார்சிலோனா கூப்பிட்டபோது நிகோ போகவில்லை. 2035 வரை கையெழுத்துப் போட்டார். இரத்தமல்ல, வளர்ந்த மண் என்பதுதான் அங்கே கணக்கு.

"சூப்பர் லீக்னு ஒண்ணு வந்துச்சே, என்ன ஆச்சு?" 2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு. பன்னிரண்டு பெரிய கிளப்புகள் தனிப் போட்டி தொடங்குவதாக அறிவித்தன. இங்கிலாந்தின் ஆறு, ஸ்பெயின், இத்தாலியின் மும்மூன்று. தொடங்கிய கிளப்புகளுக்கு நிரந்தர இடம்; எவ்வளவு மோசமாக ஆடினாலும் இறக்கம் கிடையாது. ஐரோப்பியக் கால்பந்தின் உயிரே ஏற்றமும் இறக்கமும்தான். ஐந்தாயிரத்துக்கு ஒன்று என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிய லெஸ்டர் சிட்டி 2016-ல் சாம்பியன் ஆனது. அதே லெஸ்டர் 2023-ல் இறங்கியது. இரண்டும் நடக்கலாம் என்பதால்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பொருள் இருக்கிறது.

பேயர்னும் டார்ட்மண்டும் சேரவே இல்லை. உறுப்பினர்களிடம் கேட்காமல் அவர்களால் முடியாது. இங்கிலாந்தில் ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். செவ்வாய் மாலை செல்சியின் பேருந்தை மைதான வாசலிலேயே மறித்தார்கள். முன்னாள் கோல்கீப்பர் பீட்டர் செக் தனியாக அந்தக் கூட்டத்துக்குள் இறங்கி, வழிவிடச் சொல்லிக் கெஞ்சினார். அன்றிரவுக்குள் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் விலகிவிட்டன. இரண்டு நாளில் முடிந்தது. அந்தக் கோபம் வீணாகவில்லை. 2025-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் இங்கிலாந்துக் கால்பந்துக்குத் தனி ஒழுங்குமுறை ஆணையத்தைச் சட்டமாகவே கொண்டுவந்தது.

விம்பிள்டன் ரசிகர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மாட்டேன். 1988-ல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்ஏ கோப்பை தூக்கிய கிளப் அது. 2002 மே மாதம், தெற்கு லண்டனிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள மில்டன் கீன்ஸுக்கு கிளப்பை மாற்றிக்கொள்ள மூன்று பேர் கொண்ட குழு ஓனர்களுக்கு அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் சில வாரங்களில் ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதுக் கிளப்பைத் தொடங்கினார்கள். வீரர்கள் வேண்டுமே? ஜூன் மாதம் விம்பிள்டன் காமன் என்ற பொதுப் புல்வெளியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தேர்வு வைத்தார்கள். ஒன்பதாம் நிலை லீக்கில் தொடக்கம். இடையில் லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 78 தோற்கவில்லை. 2011-ல் லூட்டனைப் பெனால்டியில் வென்று நான்காம் நிலைக்கு, அதாவது தொழில்முறை லீக்குக்கே ஏறினார்கள். 2020 நவம்பரில், கடன் பத்திரம் விற்று ரசிகர்களே பணம் திரட்டி, தங்கள் பழைய ப்ளவ் லேன் தெருவில் கட்டிய புது மைதானத்துக்குத் திரும்பினார்கள். கொரோனா காலம், முதல் ஆட்டத்தில் ஒரு ரசிகருக்கும் உள்ளே அனுமதியில்லை. ஆனால் அந்த மைதானம் அவர்களுடையது.

கடைசியாக, நம் ஆட்கள் கேட்பது: "இதெல்லாம் அங்கே இருக்கறவங்க பிரச்சினை. டிவியில பார்க்கற நமக்கு என்ன?"

நமக்கும்தான். சூப்பர் லீக் கணக்கே உலகம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்மை நம்பிப் போட்டது. உள்ளூர் ரசிகன் கோபித்துக்கொண்டாலும் ஆசியாவும் அமெரிக்காவும் பார்க்கும் என்று நினைத்தார்கள். 2025-ல் வில்யரியல் - பார்சிலோனா லீக் ஆட்டத்தை மயாமிக்குக் கொண்டுபோக லா லிகா முயன்றதும் அதே கணக்கில்தான். அந்த அக்டோபர் வார இறுதியில் ஸ்பெயின் முழுக்க, தொடக்க விசில் ஒலித்ததும் வீரர்கள் பந்தைத் தொடாமல் 15 விநாடி அசையாமல் நின்றார்கள். சில நாளில் திட்டம் ரத்து.

அதனால், எந்த அணியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கேட்கும் தம்பி, தங்கைகளுக்கு என் பதில் இது. மனசுக்குப் பிடித்த ஆட்டம் எங்கே இருக்கிறதோ அந்த அணியைப் பிடியுங்கள், தோற்கும் வருடத்தில் மாறாதீர்கள். கூடவே அந்த கிளப்பை யார் நடத்துகிறார்கள், ரசிகர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று படியுங்கள். அடுத்த முறை நம் பெயரைச் சொல்லி யாராவது ஒரு ஆட்டத்தையோ கிளப்பையோ அதன் ஊரிலிருந்து பிடுங்க வந்தால், மைதான வாசலில் நிற்பவர்கள் பக்கம் நில்லுங்கள். எங்களுக்கு அது வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.